குங்குமம்: பூவின் பெயர் பொடிக்கு வந்த வரலாறு

வினா

மும்பை மாதுங்காவில், ஆஸ்திக சமாஜத்துக் கோயிலைச் சுற்றிப் பூவும் வெற்றிலையும் பூஜைத் திரவியங்களும் விற்கும் கடைத்தெருவில், குங்குமம் என்ற ஒரே சொல் இரண்டு வஸ்துக்களுக்கு வழங்கி வருகிறது. ஒன்று, மஞ்சளிலிருந்து செய்யப்பட்டு, பொட்டலமாகக் கட்டி விற்கப்படும் செந்நிறப் பொடி. எளியவரும் நாள்தோறும் வாங்கக்கூடியது. மற்றொன்று, காச்மீரத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்து, கிராம் கணக்கில் நிறுத்துச் சிறு டப்பிகளில் அடைக்கப்படும் ஒரு பூவின் சூல்முடி. 'பூ' என்ற ஒரு சொல்லைக் கூட்டிப் பின்னதைக் குங்குமப்பூ என்று பிரித்துச் சொல்கிறோம். பொடி அந்தப் பூவிலிருந்து செய்யப்படுவதன்று. அவ்விரண்டையும் தரும் செடிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையும் அல்ல. அங்ஙனமிருக்க, ஒன்றின் பெயரை மற்றொன்று பெற்றது எவ்வாறு என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட வினா.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் விலையைப் பற்றியது. குங்குமப்பூச் செடியின் ஒவ்வொரு பூவிலும் மூன்றே சூல்முடிகள் உண்டு. ஒரு கிலோ உலர்ந்த சரக்குக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். அதனை வாங்க இயலாதவர்கள் மஞ்சளைச் சிவப்பாக்கி அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள் என்பது அது. இதில் உண்மையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆயினும் வறுமை ஒன்றையே காரணமாக்கும் இவ்விளக்கம், விடை காணவேண்டிய இடங்களையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறது. குங்குமப்பூவுக்குப் போலியாக வியாபாரிகள் நெடுங்காலமாகக் கலந்து வந்தது குசும்பாப்பூவின் இதழையே. பெயர் அதற்குப் போகாமல் மஞ்சளுக்கு வந்தது ஏன்? நீரில் கரைத்தால் பொன்மஞ்சளாகும் ஒரு பொருளுக்கு மஞ்சள்நிறக் கிழங்கையே மாற்றாகக் கொண்டவர்கள், அந்தக் கிழங்கைச் சிவப்பாக்க முயன்றது ஏன்? எல்லாவற்றுக்கும் மேலாக, மார்பிலும் தோளிலும் பூசப்பட்ட ஒன்று நெற்றிக்கு ஏறியது எப்பொழுது, எதனால்?

சொல்லின் மூலம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், குங்குமத்தை வடமொழிச் சொல்லாகவே காட்டுகிறது. அதில் ஐயுறுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வடமொழிக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வினா மேற்காசியாவுக்கு நீள்கிறது. எபிரேய வேதத்தின் உன்னதப்பாட்டு நான்காம் அதிகாரத்தில் வாசனைத் திரவியங்களை வரிசைப்படுத்தும் இடத்தில் 'கர்க்கோம்' என்ற பெயர் ஒருமுறை வருகிறது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அவ்விடத்தில் குங்குமம் என்றே அமைத்தார்கள். அரபு மொழியில் 'குர்க்கும்' என்பது மஞ்சளையும் குறிக்கும், குங்குமப்பூவையும் குறிக்கும். மெசப்பொத்தாமியாவின் அக்கேடிய மொழிப் பலகைகளில் காணப்படும் 'குர்க்கானூ' என்ற மூலிகை மஞ்சளா, குங்குமப்பூவா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. கிரேக்கத்தின் 'குரோக்கோஸ்' என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணுவோர் பலர். லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டியபோது, குங்குமப்பூவுக்குக் கிரேக்க வழிப்பட்ட 'குரோக்கஸ்' என்ற பெயரும், மஞ்சளுக்கு அரபு வழிப்பட்ட 'குர்க்குமா' என்ற பெயரும் நிலைபெற்றன. ஒரு வேரிலிருந்து கிளைத்தனவாகக் கருதப்படும் இரு சொற்கள், இவ்வாறு விஞ்ஞான நூலிலும் அவ்விரு செடிகளுக்கே சென்று சேர்ந்தன.

இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்று கிடைக்கிறது. மஞ்சளும் குங்குமப்பூவும் தமிழ்நாட்டில்தான் ஒரு பெயரின்கீழ் வந்தன என்று எண்ணுவது பொருந்தாது. கடல்வழியும் தரைவழியும் வாசனைச் சரக்கு விற்ற வணிகர்களின் நாவில் அவ்விரண்டும் மிகப் பழங்காலத்திலேயே ஒன்றுக்கொன்று அண்மையில் நின்றன. இரண்டும் பொன்னிறச் சாயம் தருவன, இரண்டும் மருந்து, இரண்டும் உணவில் நிறமூட்டுவன. பெயர் குசும்பாவுக்குப் போகாமல் மஞ்சளுக்கு வந்ததன் வியப்பு இதனால் பெரிதும் குறைகிறது.

வடமொழி நிகண்டாகிய அமரகோசம் இப்பொருளுக்குத் தரும் பெயர்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் மற்றொரு செய்தி புலனாகும். காச்மீரத்தில் பிறந்தது என்றும், பாஹ்லிக நாட்டது, அதாவது இன்றைய பால்க் பிரதேசத்தைச் சேர்ந்தது என்றும் அது பிறப்பிடம் சொல்கிறது. அக்கினியின் கொழுந்து போன்றது என்ற பொருளில் அக்னிசிகம் என்றும் சொல்கிறது. பூவின் நடுவில் எழும் சூல்முடியைக் கண்ணாரக் கண்ட ஒருவனே அப்பெயரை இட்டிருக்கக்கூடும். நிறத்தைப் பற்றிய பெயர்களோ ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன: பீதனம் என்றால் மஞ்சளானது, ரக்தம் என்றால் சிவந்தது, லோஹித சந்தனம் என்றால் செஞ்சந்தனம். இது நிகண்டுகாரர் தவறன்று. உலர்ந்த சூல்முடி கருஞ்சிவப்பு. கெட்டியாக அரைத்த குழம்பு செம்மை சார்ந்தது. நீரில் கலந்தவுடன் பொன்மஞ்சள். ஒரே வஸ்து தன் அடர்த்திக்கு ஏற்ப இரு நிறம் காட்டுவதால், குங்குமம் என்ற சொல்லில் மஞ்சளும் சிவப்பும் தொடக்கத்திலேயே கூடியிருந்தன.

கல்ஹணர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய ராஜதரங்கிணியில் காச்மீரத்துக்கே உரிய பெருமைகளைச் சொல்லும்போது, கல்வியோடும் திராட்சையோடும் குங்குமத்தையும் சேர்த்து எண்ணினார். அவருக்கு முன்னிருந்த பில்ஹணர், காச்மீரத்தை விட்டு நீங்கித் தென்னாட்டில் கல்யாணிச் சாளுக்கியர் சபையை அலங்கரித்தவர், கவிதையையும் குங்குமத்தையும் தம் நாட்டின் உடன்பிறப்புகள் என்று போற்றினார். வடக்கே அச்சொல் இவ்வாறு ஒரு நிலத்தின் விளைபொருளைவிட்டு விலகாமல் நின்ற காலத்திலும், தமிழ்நாட்டார் அந்தச் செடியை நேரில் கண்டவரல்லர். அவர்களிடம் வந்தது சரக்கும் சொல்லும் மாத்திரமே. விளைநிலத்தோடு உறவில்லாத நாட்டில் ஒரு பண்டத்தின் பெயர் வேறொரு பண்டத்துக்கு எளிதில் நகரும் என்பதை மறத்தலாகாது.

தமிழ் இலக்கியம் தரும் சான்று

இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கோவலன் மாதவியிடம் தங்கிவிட, தனித்திருக்கும் கண்ணகி எவ்வெவ்வணிகளை நீக்கினாள் என்று இளங்கோவடிகள் அடுக்கிச் சொல்கிறார். சிலம்பு காலை விட்டு நீங்கியது. மேகலை இடையை விட்டு நீங்கியது. மார்பில் அவள் குங்குமம் எழுதவில்லை. மங்கல அணியன்றி வேறோர் அணியை அவள் விரும்பவில்லை. கண் மையை மறந்தது. நெற்றி திலகத்தை இழந்தது. இப்பகுதியைப் படித்தவர் அனைவரும் கண்ணகியின் துயரைக் கண்டார்கள். சொல்லாராய்ச்சி செய்வோன் காணவேண்டியது வேறொன்றும் உண்டு. குங்குமம் வேறு, திலகம் வேறு. முன்னது மார்புக்குரிய குழம்பு. பின்னது நெற்றிக்குரிய குறி. பவளம் என்ற சொல் நெற்றித் திலகத்தைச் சொல்லும் அடியிலேயே வருவதால், அத்திலகம் செந்நிறமுடையது என்று கொள்ள இடமுண்டு.

இதனின் மேலான செய்தியும் அங்கேயே இருக்கிறது. கண்ணகியின் கணவன் உயிரோடிருக்கிறான். மங்கல அணி கழுத்தில் இருக்கிறது. ஆயினும் குங்குமமும் இல்லை, திலகமும் இல்லை. ஆகவே அக்காலத்தில் அவை கணவனோடு கூடியிருக்கும் இன்பத்தின் அலங்காரமாகக் கருதப்பட்டனவே ஒழிய, சுமங்கலி என்பதற்கு அத்தாட்சியாகக் கருதப்படவில்லை. நெற்றிக் குங்குமத்தை அநாதி காலந்தொட்டு வரும் மாங்கலியச் சின்னமாகக் கற்பித்து, அதனைக் காட்டிக் கைம்பெண்களை விழாக்களிலிருந்து விலக்கி வைத்தவர்கள், நம் மொழியின் மிகப் பெரிய பத்தினிக் காவியத்தை ஊன்றிப் படிக்கவில்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு சொல்லின் வரலாற்றை அறியாமையால் எத்தனையோ பெண்கள் துன்புற்றார்கள் என்று எண்ணும்போது, சொல்லாராய்ச்சி வெறும் பண்டிதர் பொழுதுபோக்கன்று என்பது விளங்கும்.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், திருமணக் கனவைப் பாடும் பதிகத்தின் நிறைவில், மணமக்களுக்குக் குங்குமத்தை அப்பிக் குளிர்ந்த சந்தனத்தையும் பூசி மஞ்சனமாட்டும் காட்சி வருகிறது. அப்புதல் என்ற வினை நெற்றிப் பொட்டுக்குப் பொருந்தாது. சந்தனத்தோடு இணைத்துச் சொல்லப்படுவதும் அது உடற்பூச்சு என்பதை உறுதிசெய்கிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் வைணவர் வீட்டுத் திருமணங்களில் இப்பதிகத்தை ஓதக் கேட்கிறோம். ஓதுகிறவர் சொல்வது உடலில் பூசும் குழம்பு. கேட்கிறவர் எண்ணுவது எதிரே தட்டில் இருக்கும் பொடி.

இத்தகைய இரட்டைப் பொருள் சாக்த வழிபாட்டில் இன்னும் வெளிப்படை. லலிதா சஹஸ்ரநாமத்தின் தியான சுலோகங்களில் தேவியின் திருமேனிச் செம்மைக்குச் சிந்தூரம் உவமையாகிறது. குங்குமம் வருமிடத்தில் அது மேனியில் பூசும் விலேபனமாகவே வருகிறது. ஆனால் அந்த நாமங்களைச் சொல்லி நவராத்திரியில் நாம் செய்யும் குங்கும அர்ச்சனைக்கு எடுத்துக்கொள்வதோ மஞ்சளில் செய்த பொடியை. சுலோகம் பழைய பொருளைக் காக்கிறது. கை புதிய பொருளை அள்ளுகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கண்ணியாகப் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அபிராமி அந்தாதியின் முதற்பாட்டை நான் கொள்கிறேன். அபிராமி பட்டர் அங்கே உதயசூரியன், மாணிக்கம், மாதுளம்பூ என்று சிவந்தவற்றை அடுக்கி, அவ்வரிசையில் மணங்கமழும் குங்குமம் கலந்த நீரையும் வைத்து, அத்தகைய மேனியள் அபிராமி என்கிறார். மணத்தைச் சொன்னமையாலும் நீர் என்றமையாலும் அது குங்குமப்பூவே என்பது பெறப்படும். மஞ்சளில் செய்த பொடியை மணத்துக்காக ஒருவரும் புகழமாட்டார். ஆயினும் அது நிற்பது செந்நிறப் பொருள்களின் நிரையில். பண்டம் இன்னும் பூவாகவே இருக்க, சொல் முன்னமே சிவப்பின் பெயராகிவிட்டது.

இச்சான்றுகளை ஒருங்கு வைத்து நான் கொள்ளும் முடிபு, பொதுவான அபிப்பிராயத்துக்குச் சிறிது மாறானது. விலைமிக்க பண்டம் ஒன்று நெற்றியிலிருந்து நீங்க, அவ்விடத்தில் மலிவான பண்டம் வந்து அமர்ந்தது என்பதன்று நடந்தது. நெற்றியில் செந்திலகம் என்றுமே இருந்தது. குங்குமம் என்ற சொல், உடற்பூச்சு வழக்கொழிந்து வந்த காலத்தில், தன் பழைய பண்டத்தை விட்டு நீங்கி, செம்மை காரணமாக அத்திலகத்தின் பெயராக ஏறியது. இடம் பெயர்ந்தது பண்டமன்று, பெயரே என்பது என் கருத்து. மஞ்சளைச் சிவப்பாக்க வேண்டியிருந்ததன் காரணமும் இதனால் தெளிவாகும். அப்பொடி போய்ச் சேரவேண்டிய இடம் ஏற்கெனவே சிவப்புக்கு உரிய இடம்.

மஞ்சள் சிவக்கும் முறை

மஞ்சள் சிவப்பாகும் என்பதைத் தமிழ் வீடுகள் அறிந்தது ஆலத்தித் தட்டில். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது செந்நீராகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்ற பொருளை 1815-இல் வோகல், பெல்லெத்தியே என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். காரத்தன்மையுள்ள பொருளோடு கூடினால் அது சிவக்கும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆலத்தி நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் செம்மை மறைவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். இவ்வாறு எளிதில் மாறும் நிறம், நாட்கணக்கில் சம்புடத்தில் இருக்கவேண்டிய பொடிக்கு உதவாது.

குங்குமம் செய்வதற்கு வழிவழியாக வந்த பக்குவத்தைக் கூர்ந்து நோக்கினால், அதில் எலுமிச்சைச் சாறே முக்கியமான சேர்மானம் என்று காண்கிறோம். குண்டு மஞ்சளை உடைத்து, வெண்காரமும் படிகாரமும் கலந்த எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, அடிக்கடி கிளறி, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, நெய்யோ நல்லெண்ணெயோ சிறிது சேர்த்துப் பிசறி எடுப்பது அம்முறை. புளிப்பு சிவப்பைக் கெடுக்கும் என்று சற்றுமுன் சொன்னோம். இங்கே புளிப்பிலேயே சிவப்பு பிறக்கிறதே என்றால், அதற்கு விடை வெண்காரத்தில் இருக்கிறது. வெண்காரம் போரான் என்ற மூலகத்தின் உப்பு. புளிப்பின் முன்னிலையில் போரான் குர்க்குமினோடு பிணைந்து செந்நிறமான புதியதொரு கூட்டுப்பொருளாகிறது என்பது வேதியியலார் நன்கறிந்த விஷயம்; மஞ்சள் தோய்த்த காகிதத்தைக் கொண்டு போரானைக் கண்டறியும் சோதனை இதனைப் பற்றியே எழுந்தது. சுண்ணாம்பின் சிவப்பு போலன்றி, இது புளிப்புக்கு அஞ்சாதது.

ஆகவே நம் பாட்டிமார் கையாண்ட பக்குவம் இரண்டு வேறு இரசாயன வழிகளை அறிந்து, ஒன்றை ஆலத்திக்கும் மற்றொன்றை நெற்றிக்கும் ஒதுக்கிய ஒரு தேர்ந்த வித்தை. இத்தகைய பண்டத்தை, வாங்க வகையற்றவர் வைத்துக்கொண்ட போலி என்று சொல்வது நியாயமாகாது. பூவின் மணம் போய்விட்ட குறை மாத்திரம் உள்ளுக்குள் இருந்திருக்கவேண்டும். கடைகளில் தாழம்பூக் குங்குமம் என்று மணமூட்டிய பொடியை இன்றும் விரும்பி வாங்குவதை வேறு எவ்வாறு விளங்கிக்கொள்வது?

மும்பையில் நான்கு செந்நிறங்கள்

ஒரு மொழிக்குள் மயங்கிக் கிடக்கும் பொருள்கள், அயல்மொழிகள் அருகிருக்கும் நகரத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். மும்பைத் தமிழர் நாள்தோறும் நான்கு செந்நிறப் பெயர்களிடையே வாழ்கிறார்கள். மராத்தியில் 'குங்கு' என்பது நெற்றிப் பொடியை மாத்திரமே குறிக்கும். தை மாதச் சங்கராந்தி தொடங்கி ரதசப்தமி வரை மராத்தியப் பெண்கள் ஒருவரையொருவர் அழைத்து நடத்தும் 'ஹள்தி குங்கு' விழாவில் நாம் மஞ்சள் குங்குமம் என்று சொல்லும் இணை அப்படியே இருக்கிறது. 1937-இல் சாந்தாராம் இயக்கிய மராத்திப் படம், கிழவனுக்கு மணம் செய்விக்கப்பட்ட இளம்பெண்ணின் எதிர்ப்பைச் சொல்வதற்குக் 'குங்கு' என்றே பெயர் பெற்றது. அச்சொல் அதற்குள் எத்துணை முழுமையாகத் திருமணத்தின் சின்னமாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி.

குங்குமப்பூவை மராத்தியரும் குஜராத்தியரும் கேசர் என்பார்கள். பூவின் உள்ளிழையின் பெயராகிய கேசரம் பண்டத்தின் பெயராகி, அதன் பொன்மஞ்சள் கேசரியாயிற்று. நாம் ரவையில் செய்யும் கேசரியும் அங்கிருந்து வந்த பெயரே. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட தேசியக் கொடியின் மேற்பட்டையை இந்தியில் கேசரி என்பார்கள். தமிழில் காவி என்கிறோம். குங்கும நிறம் என்று சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை. பூவின் நிறத்தைத் தமிழ்க் குங்குமம் முற்றும் துறந்துவிட்டது என்பதற்கு இதனினும் உறுதியான பிரமாணம் வேண்டுவதில்லை.

காவி மண்ணின் நிறம். தாராவியில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் வாழும் கும்பார்வாடாவில், பானைக்குப் பூசும் செம்மண்ணைக் 'கேரு' என்பார்கள். அதே தாராவியில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குடும்பங்கள் தொண்ணூறடிச் சாலையில் பொங்கலிடும்போது பானையின் கழுத்தில் மஞ்சளும் குங்குமமும் ஏறுகின்றன. காவியும் குங்குமமும் தம்முள் மயங்குவதே இல்லை.

நான்காவது சிந்தூரம், மராத்தியில் 'ஷேந்தூர்'. இது ஈயத்தை எரித்துப் பெறும் செம்பொடி, நஞ்சுடையது, நிறத்தில் ஆரஞ்சு சார்ந்தது. 1801-இல் பிரபாதேவியில் பிரதிஷ்டை செய்யப்பட்ட சித்திவிநாயகரின் திருமேனியில் காண்பது இந்நிறமே. தமிழில் இச்சொல் சிந்தூரம், சிந்துரம், செந்தூரம் என்று பலவாறு எழுதப்படுகிறது. கடைசி வடிவத்தைக் கண்டு, செம்மையிலிருந்து பிறந்த தனித்தமிழ்ச் சொல் அது என்று மயங்குவோர் உண்டு. வடமொழிச் சிந்தூரமே தமிழ்ச் செவியில் செம்மையின் ஒலியைப் பெற்றுச் செந்தூரமாயிற்று என்பதுதான் பொருந்துவது. இத்தகைய செவி எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு மும்பையிலேயே ஒரு சான்று உண்டு. மராத்தியர் சேம்பூர் என்று வழங்கும் புறநகரின் பெயரை நாம் செம்பூர் என்று எழுதி, அங்கே செட்டா நகரில் முருகனுக்குக் கோயில் எழுந்ததும், செவ்வேளுக்கு ஏற்ற ஊர்ப்பெயராக அதைத் திருச்செம்பூர் ஆக்கிக்கொண்டோம். பக்திக்கு அது அழகு. ஆனால் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு அதை ஆதாரமாக்க இயலாது. குங்குமத்துக்கும் தமிழ் வேர் காட்ட முற்படுவோர் இவ்வெச்சரிக்கையை மனங்கொள்ளுதல் நன்று.

நிறத்தின் பெயராக

இன்று பட்டுப் புடவைக் கடையில் குங்குமக் கலர் என்று கேட்டால் எடுத்துப் போடுவது எது என்று நோக்கவேண்டும். அரக்கு என்பது கருமை ஏறிய சிவப்பு. கொம்பரக்கைக் கண்டவர்க்கு அதன் பொருத்தம் விளங்கும். குங்குமக் கலர் அதனினும் ஒளியுடையது. ஆனால் மிளகாய்ப்பழச் சிவப்பைப்போல் கண்ணைப் பறிப்பதன்று. அடியில் ஒரு மஞ்சளின் சாயல் அதில் நிற்கும். அந்தச் சாயல் பொடியின் மூலப்பொருளாகிய மஞ்சளுக்கு உரியது. பண்டைக் குங்குமக் குழம்பில் சிவப்பின் அடியில் நின்றதும் மஞ்சளே என்பதை அமரகோசத்தின் இரட்டைப் பெயர்களில் கண்டோம். ஆனால் பட்டுக் கடையில் நிறம் தேர்பவர் எவரும் அக்குழம்பைக் கண்டவரல்லர்.

சாயமிடுவோர் இன்று மஞ்சளையும் தொடுவதில்லை, பூவையும் தொடுவதில்லை. 1868-இல் கிரேபும் லீபர்மானும் மஞ்சிட்டி இனத்துச் சிவப்பை ஆலையில் செய்யக் கண்டுபிடித்ததிலிருந்து செடிச் சாயங்களின் காலம் முடியத் தொடங்கியது. பட்டில் ஏறுவது இப்பொழுது செயற்கைச் சாயமே. நெற்றிக்கும் ஒட்டுப்பொட்டு வந்துவிட்டது. மராத்தியில் அதனை டிக்லி என்கிறார்கள். அதற்குப் பூவுமில்லை, மஞ்சளுமில்லை. ஆயினும் ஒட்டுப்பொட்டு அட்டையிலும் பட்டுப் புடவையிலும் குங்குமக் கலர் என்ற பெயர் செல்கிறது. விற்பவரும் வாங்குபவரும் அதில் பிழைபடுவதில்லை. இச்சிவப்பை அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது, வெண்காரத்திலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறிச் சிவந்த குண்டு மஞ்சளின் பொடியோடு. ஆகையால் இனி வரும் தமிழ் அகராதி எதுவும் 'குங்கும நிறம்' என்பதற்குப் பொருள் எழுதும்போது, காச்மீரப் பூவை அதன் சொற்பிறப்புக் குறிப்பில் வைத்துவிட்டு, நிறத்தின் விளக்கத்தை மஞ்சளிலிருந்து தொடங்குவதே முறையாகும்.